உரிமை என்பது பிச்சையல்ல!

“சட்டத்திலேயே இஸ்லாம்தான் கூட்டரசின் சமயம்னு எழுதியிருக்கே சார், அப்புறம் நமக்கு ஏது உரிமை?” சட்ட விளக்கக் கூட்டங்களில் நம் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

முதலில் கொஞ்சம் வரலாறு. எல்லா மனிதரும் சமம், உயிரும் சுதந்திரமும் படைத்தவன் தந்த உரிமைகள் என்று 1776-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் அறிவித்தது. அரசன் கொடுக்காததை அரசன் பறிக்க முடியாது. இதுதான் இயற்கை உரிமை. ஆனால் அதை எழுதிய தாமஸ் ஜெபர்சனே நூற்றுக்கணக்கான கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்! அடிமைமுறையைச் சட்டம் ஒழிக்க 1865 வரை ஆனது. கடவுள் பெயரை எழுதிவிட்டால் மட்டும் நீதி வந்துவிடாது.

நம் நாட்டுக்கு வருவோம். 1957-இல் துங்கு வாசித்த மெர்டேக்கா பிரகடனமும் இறைவன் பெயரால்தான் தொடங்கியது. அதே பிரகடனம், சுதந்திரமும் நீதியுமே இந்நாட்டின் அடித்தளம் என்றது. அரசியல் சாசனத்தின் 3-ஆவது விதி இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்கிறது. மற்ற சமயங்களை அமைதியோடு பின்பற்றலாம் என்றும் சொல்கிறது. பலர் படிக்காமல் விடுவது அதன் 4-ஆவது உட்பிரிவை: இந்த விதி சாசனத்தின் வேறு எந்த விதியையும் குறைக்காது!

அந்த வேறு விதிகள் எவை? 5-ஆவது விதி உயிரையும் சுதந்திரத்தையும் காக்கிறது. 8(1) சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. 11(1) சமய உரிமை தருகிறது. இம்மூன்றும் பேசுவது ‘நபர்’ பற்றி. ‘குடிமகன்’ என்றுகூடச் சொல்லவில்லை. அடையாளக் கார்டு இல்லாத நம் வீட்டுப் பிள்ளையும் நபர்தான்.

எழுதியிருந்தால் போதுமா? ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியை நினைத்துப் பாருங்கள். 2009-இல் அவர் சம்மதமின்றியே அவருடைய மூன்று பிள்ளைகளையும் கணவர் மதம் மாற்றினார். அது செல்லாது, பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018-இல். ஒரு தாய்க்கு ஒன்பது ஆண்டுப் போராட்டம்!

நம் சண்டை எந்தச் சமயத்தோடும் இல்லை, பக்கத்து வீட்டு மலாய்க்காரரோடும் இல்லை. எழுதிய வாக்கை மறந்த அதிகாரத்தோடுதான்.

சாசனத்தின் 5 முதல் 13 வரையிலான விதிகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள். புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பிறப்போடு வந்த உரிமையைக் கைகட்டிக் கேட்க வேண்டியதில்லை. நிமிர்ந்து கேட்போம்!