எல்லாம் உனக்காகத்தான்



சிலிண்டர் ஹெட்டில் விரிசல் என்று சொன்னால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. எந்த பேட்ச், எத்தனை பீஸ், லைனை நிறுத்தியாச்சா, டிஸ்பாட்ச் ஆகிவிட்டதா என்று டீக்கடையிலேயே கேள்விகள் கிளம்பும். 1947இல் நியூயார்க்கில் மேடையேறிய ஒரு நாடகத்துக்கு இந்த விரிசல்தான் முதல். எழுதியவர் ஆர்தர் மில்லர். பெயர் ‘ஆல் மை சன்ஸ்’. ஜோ கெல்லர் என்பவர் இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த முதலாளி. ஒருநாள் ஹெட்டுகள் விரிசலோடு வருகின்றன. ராணுவம் சரக்குக் கேட்டு நெருக்குகிறது. கூட்டாளி போன் போட்டு என்ன செய்ய என்கிறார். விரிசலை மூடி அனுப்பிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டு, தனக்குக் காய்ச்சல் என்று கெல்லர் வீட்டில் படுத்துக்கொள்கிறார். 21 விமானிகள் சாகிறார்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லாததால் கூட்டாளி சிறைக்குப் போகிறார், கெல்லர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

இத்தனையும் நாடகம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. மேடையில் நாம் பார்ப்பது வீட்டின் பின்புறத் தோட்டம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா, போரிலிருந்து திரும்பி வந்து அதே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன் கிறிஸ். உண்மை தெரிந்ததும் கிறிஸ் அப்பாவைக் கேட்கிறான். நம் ஊரில் எந்த அப்பாவும் சொல்லும் பதிலைத்தான் கெல்லரும் சொல்கிறார்: எல்லாம் உனக்காகத்தான். தொழில் நின்றால் உனக்கு என்ன மிஞ்சும்? போரில் காணாமல் போன இன்னொரு மகனும் விமானிதான். அப்பாவைப் பற்றிய செய்தியைப் படித்த பிறகு அவன் வேண்டுமென்றே சாவைத் தேடிப் போயிருக்கிறான் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது.

இந்த இதழில் அமெரிக்க நாடகங்களுக்கு இத்தனை பக்கங்கள் ஏன் என்று நீங்கள் கேட்கக்கூடும். காரணம் உங்கள் கடிதங்கள்தான். ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கத்திலிருந்து இளைஞர்கள் எழுதுவதில், வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவதில், சம்பளத்துக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது அப்பாதான். பேச்சே இல்லை சார் என்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா மூலமாகத்தான் பேசிக்கொள்கிறோம் என்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு அந்த நாடகங்கள்தான் நினைவுக்கு வந்தன. அவற்றில் அப்பாவும் மகனும் சண்டை போடுவது வீட்டில். சண்டைக்கான காரணமோ வேலை செய்யும் இடத்தில் கிடக்கிறது. அப்பா அதை அங்கிருந்து சுமந்துகொண்டு வந்து சாப்பாட்டு நேரத்தில் இறக்கிவைக்கிறார்.

ஆகஸ்ட் வில்சனின் ‘ஃபென்சஸ்’ இதற்கு நல்ல உதாரணம். 1987இல் பிராட்வேயில் நடந்து அதே ஆண்டு புலிட்சர் பரிசும் வாங்கியது. 2016இல் டென்சல் வாஷிங்டன் இயக்கி நடித்துப் படமாகவும் வந்தது, நீங்களும் பார்த்திருக்கலாம். கதை நடப்பது 1957இல், பிட்ஸ்பர்க் நகரத்தில். டிராய் மேக்ஸன் குப்பை வண்டியில் வேலை பார்க்கும் கறுப்பினத்தவர். இளமையில் பிரமாதமான பேஸ்பால் ஆட்டக்காரர். ஆனால் வெள்ளையர்களின் பெரிய லீக்கில் கறுப்பர்களுக்கு அன்று இடமில்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் அந்தக் கதவைத் திறந்தபோது டிராய்க்கு ஆடும் வயது கடந்துவிட்டது. இப்போது மகன் கோரியை ஒரு கல்லூரி அமெரிக்கக் கால்பந்துக்காக அழைக்கிறது. அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார். பையன் மளிகைக் கடை வேலையை விடக்கூடாது, கைத்தொழில் ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும், விளையாட்டை நம்பினால் தெருவில் நிற்பான் என்பது அவர் கட்சி. பயிற்சியாளரிடமே போய், பையன் ஆட மாட்டான் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்.

தன்னை ஏன் அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை என்று கோரி கேட்கும் இடம் ஒன்று உண்டு. டிராய் அன்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. சோறு போடுகிறேன், கூரை தருகிறேன், அது என் கடமை. பிடிக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்ற ரீதியில் மகனைத் திருப்பிக் கேட்கிறார். கொடூரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினைந்து வருடம் நைட் ஷிப்ட் பார்த்த ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்டால் தலையாட்டிவிடுவார் என்பது என் சந்தேகம்.

டிராய் செய்யும் பிழை, தனக்கு மூடியிருந்த கதவு மகனுக்கும் மூடியேதான் இருக்கும் என்று நினைத்தது. நம் வட்டாரத்தில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காரை ஓடவிட்டது 1998இல். அந்தக் காலத்தில் ஐடிஐ முடித்து டிரெய்னியாக உள்ளே போய் பெர்மனென்ட் ஆனவர்களுக்கு இன்று ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். அவர்களுக்குக் கதவு திறந்துதான் இருந்தது. ஒழுங்காக வேலை பார், லீவு போடாதே, சூப்பர்வைசரிடம் நல்ல பேர் எடு, நிரந்தரம் தானாக வரும் என்று அவர்கள் சொல்வது பொய்யே இல்லை. அவர்கள் வாழ்க்கையில் அப்படித்தான் நடந்தது. அவர்கள் பிள்ளைகள் கேட்டுக்குள் போகும்போது கையில் இருப்பது கான்ட்ராக்டர் கொடுத்த அட்டை, இல்லையென்றால் அப்ரெண்டிஸ் காகிதம். 2013இல் வந்த நீம் என்ற வேலைத்திறன் பயிற்சித் திட்டத்தில் டிரெய்னி என்ற பெயரில் லைனில் நின்றவர்கள் எத்தனையோ பேர். 2018இல் மத்திய அரசு எல்லாத் தொழில்களிலும் குறித்த கால வேலையை அனுமதித்தது. காலம் முடிந்ததும் வீட்டுக்கு வரும் மகனைப் பார்த்து அப்பா கேட்கிறார்: “நீ ஒழுங்கா இருந்திருந்தா எடுத்திருக்க மாட்டானா?”

அந்தக் கேள்வியில்தான் பேச்சு நிற்கிறது. டிராய் அவநம்பிக்கையால் மகனைத் தடுத்தார் என்றால் நம் அப்பா நம்பிக்கையால் மகனைக் குற்றம் சொல்கிறார். எது அதிகம் வலிக்கும் என்று தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவநம்பிக்கையோடு சண்டையாவது போடலாம்.

 

நம் மேடையில் இந்தக் கதை இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. ‘வியட்நாம் வீடு’ எழுதிய சுந்தரம் டன்லப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. சிவாஜி நாடக மன்றம் போட்ட அந்த நாடகம் 1970இல் படமானது. பிரெஸ்டிஜ் பத்மநாபன் ஒரு கம்பெனி அதிகாரி. கௌரவம்தான் அவருக்கு மூச்சு. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் பிள்ளைகள் மதிக்கும் விதம் மாறுகிறது. மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ 1949இல் வந்தது. அதில் வில்லி லோமனும் கம்பெனிக்கே ஆயுளைக் கொடுத்தவர்தான். அறுபது தாண்டிய வயதில், இனி ஊர் ஊராக அலைய முடியவில்லை, உள்ளூரிலேயே வேலை கொடு என்று போய் நிற்கிறார். முதலாளியின் மகன் இப்போது முதலாளி. அவன் புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் பிள்ளைகளின் குரலைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறான். பிறகு வில்லியை வேலையிலிருந்தே அனுப்பிவிடுகிறான். அந்தக் காட்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டு நாடகங்களிலும் அப்பா செத்துப்போகிறார். ஆனால் பத்மநாபன் சாகும்போது நாம் அழுவது அவருக்காக மட்டும்தான். தப்பெல்லாம் பிள்ளைகள் தலையில். மில்லர் அப்படி விடுவதில்லை. இன்சூரன்ஸ் பணம் மகன் பிஃபுக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வில்லி காரை எடுத்துக்கொண்டு போகிறார். மகனுக்கோ அந்தப் பணமே வேண்டாம், அப்பா தன்னைப் பற்றிக் கண்ட பெரிய கனவைக் கைவிட்டால் போதும். கூத்திலும் நமக்கு இரணியனும் பிரகலாதனும் இருக்கிறார்கள். விடிய விடியப் பார்த்தாலும் யார் பக்கம் உட்கார வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்ட விஷயம். பாரதிதாசன் 1934இல் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ எழுதி அதைப் புரட்டிப் போட்டார், அப்பாவை நாயகனாக்கினார். துணிச்சலான காரியம்தான், ஆனால் அங்கும் ஒருவர் சரி, ஒருவர் தப்பு. விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படம் 1986இல் வந்தபோது, வீட்டுக்கு நடுவே கோடு போட்ட அம்மையப்ப முதலியாருக்காகத் தமிழ்நாடே கைதட்டியது. மூத்த மகன் ஏன் பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கும் ஆளானான் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

நம் மேடை அப்பா-மகன் சண்டையைப் பாசம், நன்றி என்ற கணக்கில் பார்த்துப் பழகிவிட்டது. அந்தக் கணக்கில் மகன் எப்போதும் கடன்காரன். மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியபோது, தொடக்கத்தில் இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவர்களுக்கு நாற்பத்தைந்து வயது ஆகியிருந்தது. வீட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகள். அங்கே நடந்ததைப் பாசக் கணக்கில் எப்படி எழுதுவது? 2014 நவம்பரில் நோக்கியா நின்றபோது வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்கள் பிள்ளைகள் கேள்வி கேட்கும் வயதுக்கு இனிமேல்தான் வரப்போகிறார்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த இளைஞர்களுக்கு வீட்டிலிருந்து என்ன போன் வந்திருக்கும் என்று நான் அப்போது யோசித்ததுண்டு. உனக்கு எதுக்குப்பா இந்த வேலை என்று ஒரு அப்பாவாவது கேட்காமல் இருந்திருக்க மாட்டார். நீ உட்காருப்பா, வீட்டை நான் பார்த்துக்கிறேன் என்று சொன்னவரும் இருந்திருப்பார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அமெரிக்க நாடகாசிரியர்களை ஞானிகள் என்று நினைத்துவிடாதீர்கள். யூஜின் ஓநீல் தன் அப்பாவை மேடைக்குக் கொண்டுவந்தவர். அப்பா ஜேம்ஸ் பெரிய நடிகர். பணத்துக்காக மாண்டி கிறிஸ்டோ பிரபு வேடத்தையே ஆயிரக்கணக்கான தடவை போட்டுத் தன் திறமையை வீணடித்தவர். அந்த வீட்டின் ஒரே ஒரு நாளை ஓநீல் நாடகமாக எழுதி 1941இல் முடித்தார். தான் இறந்து 25 ஆண்டு கழித்துத்தான் வெளியிட வேண்டும் என்று பூட்டிவைத்தார். 1953இல் அவர் இறக்க, மனைவி 1956லேயே வெளியிட்டுவிட்டார். ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ என்ற அந்த நாடகத்தில் கஞ்சத்தனமான அப்பாவும், ஏழ்மையில் வளர்ந்த அவருடைய பயமும் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள். இவ்வளவு புரிந்துகொண்ட மனிதர் தன் பிள்ளைகளிடம் எப்படி இருந்தார்? சார்லி சாப்ளினை மணந்ததற்காக மகள் ஊனாவை அடியோடு வெட்டிவிட்டார். மூத்த மகன் 1950இல் தற்கொலை செய்துகொண்டார். இளைய மகன் ஷேன் போதையில் வீழ்ந்தார். மில்லருக்கு 1966இல் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த மகன் டேனியல் விடுதியில் வளர்ந்தார். அப்பாவின் சுயசரிதையில் அவர் பெயரே இல்லை.

மகனாக இருந்து எழுதுவது அவர்களுக்கு வந்தது. அப்பாவாக இருந்து எழுதியவர்கள் ரொம்பக் குறைவு. நம் இதழுக்கும் அதே குறைதான். பிள்ளைகளின் கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அப்பாக்கள் எழுதியவை அநேகமாக இல்லை. அடுத்த இதழில் நான்கு பக்கங்களை அப்பாக்களுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறோம். மகனைத் திட்டியே எழுதினாலும் சரி, வெட்டாமல் போடுவோம். எழுத நேரமில்லாதவர்கள் கம்பெனி பஸ்ஸில் வரும்போது போனில் பேசி அனுப்பினால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். எந்த ஷிப்ட் என்பதை மட்டும் குறிப்பிடுங்கள். சந்தேகம் கேட்கக் கூப்பிடும்போது உங்கள் தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்