அருவிக்கும் கணக்குண்டு

ஜெராய் மலையடியில் வாழும் மெர்போக் மக்களுக்கு அருவி புதிதன்று. ஆயினும் பள்ளித் தோட்டத்தில் சிற்றருவி அமைக்கையில், பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பியே பம்பு வாங்குகிறோம். அவ்வெண் நீரை உயர்த்தாத நிலைக்குரியது. உயரமும் குழாய் வளைவுகளும் கூடக்கூட நீர் குறையும்.

நீர் விழும் விளிம்பின் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்திற்கும் மணிக்கு ஏறத்தாழ 150 லிட்டர் வேண்டும். 30 சென்டிமீட்டருக்கு 4,500 லிட்டர். வாங்குமுன் 10 லிட்டர் வாளி நீரை 8 விநாடிகளில் சீராக ஊற்றிப் பாருங்கள், அதே வேகம்தான். அருவியின் உயரத்தில் அந்த அளவைத் தரும் பம்பே பொருத்தமானது.

பெற்றோர் உழைத்துத் தந்த பணம் வீணாகலாமா? இக்கணக்கை மாணவர்களே செய்யட்டும். கொள்ளளவுப் பாடம் அங்கேதான் உயிர்பெறும் என்பது என் தாழ்மையான கருத்து.