எந்த வயதில் ஊசி?

'ஸ்டீராய்டு எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?' ஜிம் பையன்களின் கேள்வி இது. 18, 21, 25 என்று ஆளுக்கொரு கணக்கு.

வளரும் வயதில் போட்டால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரமே மூடிவிடும்; உயரம் அங்கேயே நின்றுபோகும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து குவிந்தால், விரைகளுக்கு மூளை கொடுக்கும் உத்தரவு நிற்கும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு மார்பு பெண்களைப் போல் பெருக்கும். நிறுத்தினாலும் பழைய சுரப்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். இத்தனைக்கும் இருபதை ஒட்டிய வயதில் உடம்பே இந்த ஹார்மோனைத் தாராளமாகச் சுரக்கிறது. அதுவும் இலவசமாக!

சரி, 25 தாண்டினால்? அமெரிக்க பாடிபில்டர் டல்லாஸ் மெக்கார்வர் 2017 ஆகஸ்டில் இறந்தபோது வயது 26. பிரேதப் பரிசோதனையில் இதயம் 833 கிராம் இருந்தது. சாதாரணமாக 300 கிராம்தான் இருக்கும். கை, மார்புத் தசைகள் மட்டும்தான் பெருக்கும் என்று யார் சொன்னது? நீண்ட நாள் ஸ்டீராய்டு பழக்கமும் அவர் மரணத்துக்குத் துணைக் காரணமாகப் பதிவானது.

வீட்டுப் பையன் ஏற்கெனவே ஊசி போட்டுக்கொள்வது தெரிந்தால், முதலில் திட்ட வேண்டாம். ரத்த அழுத்தம், கொழுப்பு, கல்லீரல், எக்கோ பரிசோதனைகளுக்கு அழைத்துப் போங்கள். ஊசியை நிறுத்தியதும் சோர்வும் மனச்சோர்வும் வாட்டும். அப்போது ஹார்மோன் டாக்டரின் துணை அவசியம்.