காதில் சீழ் வடியும் நேபாள சிறுவர்கள்: ஆபரேஷன் முகாம் முடிந்த பிறகு யார் கவனிப்பது?

குழந்தையின் காதில் சீழ் வடிந்தால் "வளர்ந்தா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த அலட்சியம் காதையே பறித்துவிடும். சில சமயம் உயிருக்கே உலை வைத்துவிடும். நேபாள நாட்டில் இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டு சங்கதி அல்ல.

ஆறு பேரில் ஒருவர்

நேபாளத்தில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் காதுகளை சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1993-ம் ஆண்டு வெளியானது. 100-க்கு 16.6 பேருக்கு காது சரியாகக் கேட்கவில்லை. அதாவது ஆறு பேரில் ஒருவர்! 100-க்கு 7.4 பேருக்கு காது ஜவ்வு கெட்டுப் போயிருந்தது.

மூக்கின் பின்புறம் இருந்து காதுக்கு ஒரு குழாய் போகிறது. சளி பிடித்தால் கிருமி இந்த வழியாகத்தான் காதுக்கு ஏறுகிறது. குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டை. உள்ளே சீழ் கோர்த்து ஜவ்வில் ஓட்டை விழுந்துவிடுகிறது. சிலருக்கு நோய் எலும்பையே அரித்துவிடும். முகம் கோணிப் போகும். மூளையில் சீழ் கட்டும்.

பறந்து வந்த டாக்டர்கள்

இந்த நிலையைப் பார்த்து 1988-ல் இங்கிலாந்து காது டாக்டர் நீல் வியர், பிரிட்டன்-நேபாள காது மருத்துவ சேவையைத் தொடங்கினார். இந்திய எல்லையை ஒட்டிய நேபாள்கஞ்ச் நகரில் முகாம்கள் நடந்தன. சம்பளம் வாங்காமல் டாக்டர்களும் நர்சுகளும் வந்து ஆபரேஷன் செய்தார்கள்.

லேசான வேலை அல்ல இது. காதுக்கு மேலே தசையை மூடியிருக்கும் மெல்லிய திசுவை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே ஓட்டையில் ஒட்டவேண்டும். எலும்பு அரித்திருந்தால் டிரில் போட்டு சுரண்டவேண்டும். கை கொஞ்சம் தவறினாலும் முக நரம்பு போச்சு!

பிறகு யார்?

முகாம் சில நாள்தான். டாக்டர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். பையன் மலை கிராமத்துக்குத் திரும்பிவிடுவான். சில வாரம் காதில் தண்ணீர் படக்கூடாது. மறுபடியும் சீழ் வடிந்தால் யாரிடம் காட்டுவது? இத்தனை ஆபரேஷன் செய்தோம் என்று கணக்கு சொல்வது சுலபம். ஒரு வருஷம் கழித்து எத்தனை காது கேட்கிறது என்பதுதான் அசல் கணக்கு.

இதைப் புரிந்துகொண்டுதான் அந்த சேவை முகாமோடு நிற்காமல் உள்ளூர் ஆட்களுக்கும் பயிற்சி கொடுத்தது. காதுக்குள் பார்ப்பது, சீழைத் துடைத்து சுத்தம் செய்வது, நோய் முற்றியவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அவர்கள் வேலை. ஆரம்பத்திலேயே கவனித்தால் பல குழந்தைகளுக்கு துடைத்து சொட்டு மருந்து விட்டாலே சீழ் நின்றுவிடும். கத்தியே வேண்டாம்.

குழந்தைகளின் காது கேளாமையில் 100-க்கு 60 தடுக்கக்கூடியதே என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. அதைத் தடுக்கவேண்டியது வருஷத்தில் சில நாள் வந்துபோகும் நிபுணர் அல்ல, வருஷம் பூரா ஊரிலேயே இருக்கும் ஆள்தான். வெளிநாட்டு டாக்டரின் கைராசியை மெச்சலாம். ஆனால் அவர் வராத மாதங்களுக்கு சர்க்கார்தான் பொறுப்பு.

வாத்தியார் சொல்வது காதில் விழாத பையனுக்கு வகுப்பில் "மக்கு" என்று பெயர். அவன் மக்கு அல்ல. அவனுக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான். நேபாளத்துக்கு மட்டும் அல்ல, எந்த ஊருக்கும் இது பொருந்தும். காதில் எண்ணெய் ஊற்றிப் பார்க்காதீர்கள். சீழ் வடிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.