உடைந்தும் காக்கும் கண்ணாடி

விரைவோட்டத்துக்கென்றே ஆக்கப்பட்ட மோட்டார்க் காரிலே நெடுஞ்சாலையிற் செல்கிறோம். திடீரெனத் தலைக்குமேல் வெடியோசை! கூரைக் கண்ணாடி நொறுங்கிவிட்டது. கல்லெதுவும் விழக் காணோம். அச்சம் எழுவது இயல்பே. ஆயினும், அக்கணத்தில் கண்ணாடியைவிட நமது பதற்றமே பெருந்தீங்கு விளைக்கும்.

கூரைக் கண்ணாடிகளிற் பல, 600 பாகை செல்சியசுக்கு மேற் சூடாக்கிக் காற்றினால் விரைவாகக் குளிர்விக்கப்பட்டவை. இதனால் அவற்றின் மேற்பரப்பு நெருக்குண்டும் உள்ளகம் இழுபட்டும் நிற்கும். இந்த இழுபறியே அவற்றின் வலிமை. விளிம்பிற்பட்ட சிறு காயமோ, உள்ளே மறைந்திருக்கும் நிக்கல் சல்பைட்டுத் துணுக்கோ அச்சமநிலையைக் குலைத்தால், கண்ணாடி முழுவதும் ஒருங்கே உடையும். ஆனால், கத்திபோன்ற நீண்ட சில்லுகளாகவன்றிச் சிறு துணுக்குகளாகவே உதிரும். உடையும்போதும் நம்மைக் காக்கவே அவ்வாறு ஆக்கினர்.

ஆகவே, பிரேக்கைச் சடுதியாக அழுத்தாது, வேகத்தை மெல்லக் குறைத்து ஓரமாக நிறுத்தவேண்டும். உட்புறத் திரை மூடியிருப்பின் அதனைத் திறக்கலாகாது. திறந்தால், பின்னாசனத்துக் குழந்தைகளின் கண்களிலே துணுக்குகள் கொட்டும். கூரையை நகர்த்தும் விசையையும் தொடலாகாது. காப்புறுதிக்காகப் படமெடுத்தபின், கையுறை அணிந்து துணுக்குகளை அகற்றி, தடித்த பொலித்தீனை வெளிப்புறமாக ஒட்டி, மெதுவாகவே திருத்துமிடம் சேரவேண்டும். மழைநீர் வடியும் குழாய்களையும் அங்கே சோதிப்பிப்பது நன்று.

விரைந்து ஓட்ட வல்லவர் பலர். வேளையறிந்து விரைவை அடக்க வல்லவரே நல்ல சாரதி.