விளக்கில் விழும் அந்தெல்லாம் படைப்புழுவா?

குடிமங்கலம் பகுதி வாசகர் ஒருவர் மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் விதைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறதாம். சாளை விளக்கில் தினமும் பழுப்பு நிற அந்துப்பூச்சிகள் விழுகின்றன, உடனே மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

பதில்: அந்தைப் பார்த்து மருந்து அடிக்க வேண்டாம். புகையிலை வெட்டுப்புழுவின் அந்தும் அதே விளக்குக்குத்தான் வரும். இரண்டுக்கும் பின் இறக்கை வெண்மையாக இருக்கும். முன் இறக்கையில்தான் வித்தியாசம். புகையிலை வெட்டுப்புழு அந்தின் முன் இறக்கையில் வெளிர்நிறக் கோடுகள் வலை பின்னியதுபோல் ஓடும். படைப்புழுவின் ஆண் அந்துக்கு முன் இறக்கையின் நுனியில் முக்கோணமாக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். பெண் அந்து மங்கலான சாம்பல் பழுப்பு. அதை வெறுங்கண்ணால் உறுதி செய்வது கடினம்.

ஆகவே புழுவைப் பாருங்கள். தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்துப் போன்ற வெளிர்க்கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் படைப்புழுவேதான்.

அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி இது. 2016ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழகத்துக்கும் வந்துவிட்டது. காற்று வாகாக இருந்தால் அந்து ஓர் இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கும். இன்று விளக்கடியில் கிடப்பது எந்த ஊர்க் காட்டில் பிறந்ததோ!

ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். கடையில் 'மக்காச்சோளப் படைப்புழு லூர்' என்றே கேட்டு வாங்குங்கள். புகையிலை வெட்டுப்புழு லூரை மாட்டிவிட்டு, அந்தே விழவில்லை என்று நிம்மதியாக இருந்தவர்கள் உண்டு. பொறியில் அந்து விழத் தொடங்கியதும் இலைகளைப் புரட்டுங்கள். முட்டைக் குவியல் பஞ்சு போர்த்தியதுபோல் இருக்கும், கையால் நசுக்கிவிடலாம். இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. ஆட்களெல்லாம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் காலையில் அரைமணி நேரம் நீங்களே வரப்போரம் மட்டுமல்லாமல் காட்டின் நடுவிலும் நடந்து பார்த்தால் போதும்.

நூறு செடியில் ஐந்தில் இலை சுரண்டிய வெள்ளைத் தடம் தெரிந்தால் அசாடிராக்டின் 1500 பிபிஎம், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. சேதம் பத்து செடியைத் தாண்டினால் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்சி 0.4 மில்லி அல்லது ஸ்பைனிடோரம் 11.7 எஸ்சி 0.5 மில்லி. மாலையில், குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள். புழு குருத்தைத் துளைத்து உள்ளே போய் எச்சத்தால் வாயை அடைத்துக்கொண்டால் மருந்து எட்டாது.

மருந்தடித்த தட்டையை உடனே அறுத்துக் கறவை மாட்டுக்குப் போட வேண்டாம். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதை டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.