கண்ணாடி காட்டாத வலிமை

இடைநிலைப்பள்ளி மாணவன் ஒருவன் செகாக் உடல்திறன் சோதனைக்காக வீட்டில் தண்டால் எடுக்கத் தொடங்குகிறான். முதல் நாள் ஐந்து. ஐந்தாவதில் கைகள் நடுங்குகின்றன, இடுப்பு தொய்ந்துவிடுகிறது. மூன்று வாரம் கழித்துப் பன்னிரண்டு எடுக்கிறான். ஆனால், கண்ணாடி முன் நின்று சட்டைக் கையை மடித்துப் பார்த்தால், கை அதே கைதான். “ஒன்றும் ஆகவில்லை” என்று பயிற்சியையே விட்டுவிடுகிறான். அல்லது நண்பனின் பேச்சைக் கேட்டு, விலை உயர்ந்த புரத மாவுக்குக் காசு சேர்க்கிறான். கூடிய ஏழு தண்டால்களை அவன் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஏழும் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் தசையிலிருந்து அல்ல, நரம்பு மண்டலத்திலிருந்து.

தசை தானாக இயங்குவதில்லை. மூளையிடும் கட்டளை தண்டுவடத்தின் வழியாக இறங்கி, அங்குள்ள இயக்க நரம்பணுக்களை அடைகிறது. ஒவ்வொரு நரம்பணுவும் தசையில் ஒரு தொகுதி இழைகளை மட்டுமே இயக்குகிறது. பழக்கமில்லாத ஒருவர் எவ்வளவு முயன்றாலும் எல்லாத் தொகுதிகளும் வேலைக்கு வருவதில்லை. வருகின்றவையும் போதிய வேகத்தில் கட்டளை பெறுவதில்லை. போதாக்குறைக்கு, கையை நீட்டும் தசை வேலை செய்யும்போது மடக்கும் தசையும் சேர்ந்து இறுகி அதைத் தடுக்கிறது. கோத்தோங் ரோயோங்கிற்கு அழைத்தால் சில வீட்டார் வராமலும், வந்தவர்களில் சிலர் மேசையை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டும் இருப்பதைப் போன்றதுதான் முதல் நாள் தண்டால். பயிற்சி தொடரத் தொடர, வராதவர்கள் வருகிறார்கள். எதிர்ப்பக்கம் இழுத்தவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். ஆள்கள் அதே ஆள்கள்தான், மேசை நகர்ந்துவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. 1979இல் மொரித்தானி, டிவ்ரீஸ் என்னும் ஆய்வாளர்கள் எட்டு வாரப் பயிற்சியின்போது தசையின் மின்துடிப்புகளை அளந்து பார்த்தார்கள். தொடக்க வாரங்களில் கூடிய வலிமைக்கு நரம்புகளே முதன்மைக் காரணம் என்றும், தசை பருப்பது அதன் பிறகே முன்னுக்கு வருகிறது என்றும் கண்டார்கள். 1992இல் வெளியான யூ, கோல் ஆகியோரின் ஆய்வு இன்னும் வியப்பானது. ஒரு குழுவினர் நான்கு வாரம் சுண்டுவிரல் தசைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றொரு குழுவினர் விரலை அசைக்காமல், அசைப்பதாக மனத்தில் எண்ணிக்கொண்டார்கள். முதல் குழுவின் விரல் வலிமை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது. எண்ணிக்கொண்டே இருந்தவர்களுக்கும் 22 விழுக்காடு கூடியது. அதற்காக, படுத்துக்கொண்டே தண்டால் எடுப்பதாக நினைத்தால் போதும் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். எலும்பு உறுதிபெற உண்மையான சுமை வேண்டும்.

ஆகவே, வலிமைப் பயிற்சியின் தொடக்கம் ஒரு கல்வி. மிருதங்கம் பழகுவதையும் நீச்சல் பழகுவதையும் போல மூளை கற்கும் பாடம் அது. பள்ளிகளிலோ, எத்தனை எடுத்தான் என்பதே பெரும்பாலும் பேச்சாக இருக்கிறது. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக அரைகுறையாக இறங்கி எழும் மாணவனின் நரம்புகள் அந்த அரைகுறை அசைவையே கற்றுக்கொள்கின்றன. தவறான தாளத்தில் பழகிய கையைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பது மிருதங்க ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒழுங்காக எடுத்த நான்கு தண்டால், குலைந்துபோன பத்தை விட மேல். சோதனைக்கு முந்திய வாரத்தில் மட்டும் நாளுக்கு ஐம்பது என்று உடலை வதைப்பதும், தேர்வுக்கு முந்திய இரவில் புத்தகத்தை விழுங்குவதும் ஒன்றுதான். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் வாரத்தில் குறைந்தது 3 நாள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இடைவெளி விட்டுத் தொடர்வதும் நன்றாக உறங்குவதும் பாடத்தைப் பதியவைக்கும்.

படிவம் ஒன்றில் இருக்கும் ஒல்லியான மாணவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். பருவ வளர்ச்சி வராத வயதில் பயிற்சியால் தசை அவ்வளவாகப் பருப்பதில்லை. ஆனாலும் வலிமை கூடுகிறது. அருகில் நிற்கும் பெரிய உடல்வாகுள்ள நண்பனின் கையோடு தன் கையை ஒப்பிட்டு வெட்கப்படும் பிள்ளைக்கு, அவன் நரம்புகள் கற்றுக்கொண்டிருக்கின்றன என்பதை யாராவது எடுத்துச் சொல்கிறார்களா?

இன்னொரு வழக்கமும் மாற வேண்டும். கை முறிந்து மாவுக்கட்டுப் போட்ட மாணவனை, உடற்கல்வி நேரம் முழுவதும் திடலோரத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அக்கறையால் செய்வதுதான். ஆனால், 1894ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சரின் ஆய்வுக்கூடம் ஒரு செய்தியைக் கண்டறிந்தது. ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், பயிற்சி பெறாத மற்றொரு கையின் வலிமையும் கூடுகிறது. மூளை ஒரு பக்கம் கற்ற பாடத்தின் பயன் மறுபக்கத்திற்கும் கிடைக்கிறது. பின்னாளில் மணிக்கட்டு முறிந்த பெண்களிடமும் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. நல்ல கைக்குப் பயிற்சி கொடுத்து வந்தவர்களின் முறிந்த கை, கட்டுப் பிரித்த சில வாரங்களில் மற்றவர்களுடைய கையை விடக் கூடுதல் வலிமை காட்டியது. மருத்துவர் சம்மதித்தால், அந்த மாணவனின் நல்ல கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்லலாம். பெரிய செலவில்லை, தனி ஆசிரியரும் வேண்டியதில்லை. இருந்தும், பல திடல்களின் ஓரத்தில் அவன் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறான், நல்ல கையால் கன்னத்தைத் தாங்கியபடி.